‘ஏழே நாளில் நிறம்’ கிரீம்கள்: டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, போட்டவர்கள் எப்படி நிறுத்துவது?

#1 · மருந்தாளுநர்

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் "முகம் வெளுக்கிற கிரீம் குடுங்க" என்று கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். அதற்காகத்தான் இந்த இழை. நிறத்தின் மேல் ஆசைப்படலாமா கூடாதா என்ற பட்டிமன்றம் பிறகு நடக்கட்டும். காசு கொடுத்து வாங்கிப் பூசுவது என்ன பொருள் என்பது முதலில் தெரிய வேண்டும்.

புழக்கத்தில் மூன்று வகை இருக்கின்றன.

முதல் வகை, மூன்று மருந்து கலந்த டியூப். ஹைட்ரோகுவினோன் 2%, டிரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு 0.1%. இந்தக் கலவையின் மூலத்தை அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மன் 1975-ல் வெளியிட்டார். இன்று இது எழுதிக் கொடுக்கப்படுவது மங்குக்கு, அதாவது முகத்தில் படரும் கருந்திட்டுக்கு. மங்கு இருக்கும் திட்டில் மட்டும், இரவில், சில வாரம் பூச வேண்டிய மருந்து. நம் ஊரில் முகம் முழுக்க, கழுத்து வரை, வருடக்கணக்கில் பூசுகிறார்கள். அட்டைப்பெட்டியில் சிவப்புக் கோடும் ஆர்எக்ஸ் குறியும் இருந்தால் அது அழகுப்பொருள் இல்லை, டாக்டர் சீட்டு வேண்டிய மருந்து. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை ஷெட்யூல் எச் என்ற, சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய மருந்துப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சீட்டில்லாமல் கொடுப்பது அதன்பிறகு சட்டப்படி குற்றம். இன்றும் கொடுக்கிறார்கள். என் தொழில்காரர்கள் வெட்கப்பட வேண்டிய விஷயம் இது.

இரண்டாவது வகை, க்ளோபெட்டசால் 0.05% அல்லது பீட்டாமெத்தசோன் 0.1% என்ற ஸ்டீராய்டு களிம்பு. படர்தாமரைக்கோ கரப்பானுக்கோ வாங்கியது முகத்துக்கு ஏறிவிடுகிறது. சில பார்லர்களில் இதைச் சாதா கிரீமோடு குழைத்துச் சின்ன டப்பாவில் போட்டு ‘ஃபார்முலா நைட் கிரீம்’ என்று தருகிறார்கள். டப்பாமேல் ஒரு எழுத்தும் இருக்காது.

மூன்றாவது, வெளிநாட்டு டப்பா. எங்கிருந்து வந்தது, யார் செய்தது, ஒன்றும் தெரியாது. பாதரசம் இருப்பது பெரும்பாலும் இந்த வகையில்தான். வேதியியல் தெரிந்தவர்கள் அதைப் பற்றி எழுதுங்கள்.

#2 · தோல்_டாக்டர்

நல்ல தொடக்கம். ஸ்டீராய்டு எப்படி ‘வேலை செய்கிறது’ என்பதை நான் சொல்கிறேன். அது புரிந்தால்தான் ஏமாற்றமும் புரியும்.

முதல் வாரத்தில் தெரியும் வெளுப்பு பெரும்பாலும் நிறமே இல்லை. ஸ்டீராய்டு தோலடி ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. ரத்தம் குறைவாக ஓடினால் முகம் வெளிறித்தானே தெரியும்? பருவின் வீக்கமும் அமுங்கும். கண்ணாடியில் பார்ப்பவருக்கு "அடேயப்பா, கேட்குதே" என்று தோன்றும். அதன்பிறகுதான் தோலுக்கு நிறம் தரும் மெலனினின் உற்பத்தி குறையத் தொடங்கும். கூடவே தோல் மெலியவும் தொடங்கும்.

முகத்தோல் கையைப் போன்றதில்லை. முன்கைத் தோல் உறிஞ்சும் ஸ்டீராய்டை ஒரு பங்கு என்று வைத்தால், நெற்றி ஏறக்குறைய 6 பங்கு, தாடை 13 பங்கு உறிஞ்சும். 1967-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். முன்கையில் பூசி ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக முகத்தில் பூசுவது அதனால்தான் தப்புக்கணக்கு.

ஒன்றிரண்டு மாதத்தில் பரு கூட்டமாக வரும், ஒரே அளவில், ஒரே மாதிரி. பிறகு கன்னத்தில் பூனைமுடி அடர்த்தியாகும். சிவந்த நூல் போல ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். வெயிலில் நின்றால், அடுப்படியில் நின்றால் முகம் தீயாய் எரியும். கண்ணைச் சுற்றித் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தம் கூடும், கண்புரை வரும். ஏற்கெனவே படர்தாமரை இருந்தால் அதன் வளையம் கலைந்து, அடையாளமே தெரியாமல் முகம் முழுக்கப் பரவும். பூசியவர் அதையும் கருமை என்று நினைத்து இன்னும் பூசுவார்.

கொடுமை என்னவென்றால், நிறுத்தினால் எல்லாம் அதிகமாகும். சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரியும். முகம் சிவந்து, வீங்கி, கொப்புளம் கிளம்பும். "கிரீம் நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சு" என்று மறுபடி டியூபை எடுப்பார்கள். எடுத்ததும் அடங்கும். இந்த வளையத்துக்குள் மாட்டியவர்களின் முகத்துக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு: மேற்பூச்சு ஸ்டீராய்டால் சிதைந்த முகம். 2008-ல் இந்தியத் தோல் மருத்துவர்கள் முன்வைத்த பெயர் அது. நம் நாட்டில் அவ்வளவு பேர் வந்தார்கள்.

#3 · கேள்வி_மட்டும்

டாக்டர், எட்டு மாதம் தினமும் அந்த மூன்று மருந்து டியூபைப் போட்டவர் நாளைக்கே நிறுத்தலாமா? படிப்படியாகவா? இணையத்தில் இரண்டுமே எழுதியிருக்கிறார்கள்.

#4 · தோல்_டாக்டர்

எது சரி என்பது டியூபின் வீரியத்தையும் போட்ட காலத்தையும் பொறுத்தது. இரண்டு மூன்று வாரம்தான் என்றால் அப்படியே நிறுத்திவிடலாம். எட்டு மாதம் என்றால் தோல் மருத்துவரிடம் டியூபையே எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொன்னால் போதாது. ஒரே பெயரில் வேறு வேறு கலவைகள் வருகின்றன.

அங்கே நடப்பது பொதுவாக இதுதான். வீரியமான ஸ்டீராய்டை நிறுத்தி, தேவைப்பட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் 1% போன்ற மெல்லியதற்கு மாற்றி, அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு நாள் என்று இறக்குவார்கள். அல்லது நேராக டாக்ரோலிமஸ் களிம்புக்கு மாற்றுவார்கள். அது ஸ்டீராய்டு இல்லை. பூசிய முதல் சில நாள் எரியும், பயப்பட வேண்டாம். கொப்புளம் அதிகம் இருந்தால் சில வாரம் டாக்சிசைக்கிளின் மாத்திரை கொடுப்பார்கள். கர்ப்பிணியாக இருந்தாலோ, இருக்கலாம் என்றாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்கிளின் அப்போது கூடாது, டிரெட்டினாயினும் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. செய்யக்கூடாததுதான் நிறைய.

முகத்தைக் காலை, மாலை இரண்டு வேளை, வெந்நீர் இல்லாமல், நுரை அதிகம் வராத மிதமான கழுவியால் கழுவுங்கள். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போடுங்கள். எரிந்தால் சுத்தமான மெல்லிய துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். பனிக்கட்டியை நேராக வைக்காதீர்கள். பகலில் தாதுவகை சன்ஸ்கிரீன், அதாவது துத்தநாக ஆக்சைடு உள்ளது. ஃபேஷியல், பிளீச், திரெடிங், ஸ்கிரப் எதுவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, டூத்பேஸ்ட் கூடவே கூடாது. தோலின் இயல்பான அமிலநிலை (பிஹெச் எண்; குறைந்தால் அமிலம், 7-க்கு மேல் காரம்) 5-ஐ ஒட்டியது. எலுமிச்சை 2, சமையல் சோடா 8-க்கு மேல். புண்பட்ட தோலில் இரண்டுமே அடி. எலுமிச்சை போட்டு வெயிலில் போனால் கொப்புளித்துக் கருந்தழும்பே நிற்கும்.

எத்தனை நாளாகும் என்று கேட்பீர்கள். வாரங்களில் அடங்குவதும் உண்டு, மாதக்கணக்கில் இழுப்பதும் உண்டு. கெடுவது இரண்டாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகலாம் என்று முன்பே தெரிந்திருந்தால் பலர் தாக்குப்பிடிப்பார்கள். தெரியாததால்தான் டியூபுக்குத் திரும்புகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. முகம் மட்டும் இல்லாமல் கை, கால், உடம்பு முழுக்க க்ளோபெட்டசால் மாதக்கணக்கில் பூசியவர் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அந்த மருந்துக்கு வாரத்துக்கு 50 கிராம், இரண்டு வாரம் என்பதுதான் உச்ச வரம்பு. அதைத் தாண்டிப் பூசியவருக்கு உடம்பு சொந்தமாகச் சுரக்கும் கார்ட்டிசால் படுத்துவிட்டிருக்கலாம். தலைசுற்றல், வாந்தி, கடும் சோர்வு இருந்தால் காலை 8 மணி கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை தேவை.

#5 · ரசாயனக்_கூடம்

பாதரசம் பற்றிக் கேட்டீர்கள். மெலனின் உண்டாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதியின் வேலைசெய்யும் இடத்தில் செம்பு இருக்கிறது. பாதரசம் அங்கே போய் உட்கார்ந்து நொதியை முடக்கிவிடும். செலவு குறைந்த, வேகமான, கொடிய வழி. கிரீமில் போடுவது பெரும்பாலும் மெர்குரஸ் குளோரைடு (கலோமெல் என்றும் எழுதுவார்கள்) அல்லது அம்மோனியா சேர்ந்த பாதரச உப்பு.

இந்தியாவின் 2020 அழகுப்பொருள் விதிகள்படி, தெரியாமல் கலந்த பாதரசம்கூட 1 பிபிஎம் தாண்டக் கூடாது. ஒரு கிலோ கிரீமில் ஒரு மில்லிகிராம் என்று அர்த்தம். சோதனையில் மாட்டிய டப்பாக்களில் ஆயிரக்கணக்கான பிபிஎம் இருந்ததாக உலகம் முழுக்கப் பதிவு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10,000 பிபிஎம் உள்ள 20 கிராம் டப்பாவில் 200 மில்லிகிராம் பாதரசம். 2023 நவம்பரில், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஜெனீவாவில் கூடி அந்த 1 பிபிஎம் சலுகையையும் எடுத்துவிட்டன. பாதரசம் சேர்த்த எந்த அழகுப்பொருளும் 2025-க்குப் பின் செய்யக் கூடாது, ஏற்றுமதி இறக்குமதி கூடாது என்பது முடிவு.

சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள்:

உட்பொருள் பட்டியல் இல்லை. தயாரித்தவரின் முழு முகவரி, உரிம எண் இல்லை. இறக்குமதி என்றால் இந்திய இறக்குமதியாளர் பெயரும் பதிவுச் சான்று எண்ணும் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. "தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படக் கூடாது" என்று எழுதியிருக்கிறது (பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து கலவையாகும், நகை வெளுத்துப்போகும்). "வெளிச்சம் படாமல் வை" என்கிறது. வெயிலில் வைத்தால் கிரீம் சாம்பல் நிறமாகிறது.

ஆனால் இந்த அடையாளம் ஒன்றும் இல்லை என்பதற்காகப் பாதரசம் இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டில் கண்டுபிடிக்க வழியே கிடையாது. முகர்ந்தாலும் தெரியாது. எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியோ ஆய்வகமோதான் சொல்லும்.

பூசுபவரோடு இது நிற்பதில்லை. தலையணை உறை, துண்டு, போர்வையில் ஒட்டும். அறை வெப்பத்தில் ஆவியாகும். பக்கத்தில் படுக்கும் குழந்தையின் சிறுநீரிலும் பாதரசம் ஏறியிருக்கலாம். டப்பாவை ஜிப் பையில் போட்டு இறுக்கி மூடி, அதை இன்னொரு பையில் போட்டு, குழந்தைக்கு எட்டாத, அடுப்பு இல்லாத இடத்தில் வையுங்கள். கழுவித் தொட்டியில் ஊற்றாதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள். துணியையும் தலையணையையும் தனியாக எடுத்து வையுங்கள்.

#6 · வார்டு_சிஸ்டர்

நான் சிறுநீரகப் பிரிவுல வேலை பார்க்குறேன். இந்த கிரீம் சிறுநீரகத்தை என்ன பண்ணுதுன்னு மட்டும் சொல்றேன்.

மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல ஒரு மருத்துவமனையோட சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் வந்த கேஸ்களை எடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. மெம்பரனஸ் நெஃப்ரோபதிங்கிற, சிறுநீரக வடிகட்டி பழுதாகுற நோய் 22 பேருக்கு. அதுல 15 பேருக்கு நெல்-1 புரதம் சேர்ந்த அபூர்வ வகை. அந்த 15 பேர்ல 13 பேர் நிறம் கூட்டும் கிரீம் போட்டதா சொன்னாங்க. ஒருத்தருக்கு மூளை ரத்தநாளத்துல ரத்தம் உறைஞ்சது. கிரீமை நிறுத்தினதும் பெரும்பாலானவங்களுக்குக் குறைய ஆரம்பிச்சது. கேரளாவுல விக்கிற டப்பா நம்ம ஊருக்கு வர ஒரு ராத்திரி பஸ் போதும். இதை நல்லா யோசிங்க.

சிறுநீரகத்துக்குள்ள சல்லடை மாதிரி வடிகட்டி இருக்கு. அது பழுதானா ரத்தத்துல இருக்குற அல்புமின்ங்கிற புரதம் சிறுநீர்ல ஒழுகிடும். அதனால வர்ற அறிகுறிகள்: சிறுநீர் நுரை நுரையா போகும், தண்ணி ஊத்தினாலும் நுரை அடங்காது. காலையில கண் இமை வீங்கியிருக்கும், சாயந்திரம் கணுக்கால் வீங்கும், விரலால அழுத்தினா குழி விழும். மெட்டி இறுகும். ஒரு வாரத்துல எடை ரெண்டு மூணு கிலோ ஏறும். பலபேர் இதை "நல்லா பூசினாப்ல இருக்கே"ன்னு பாராட்டா எடுத்துக்குறாங்க.

சந்தேகம் வந்தா முதல்ல சாதா சிறுநீர்ப் பரிசோதனை. புரதம் கூடுதலா இருந்தா சிறுநீர்ப் புரதம்–கிரியேட்டினின் விகிதம், சீரம் அல்புமின், கிரியேட்டினின். ஒரு நாளைக்கு 3.5 கிராமுக்கு மேல புரதம் போனா அது நெஃப்ரோடிக் அளவு, அதாவது வடிகட்டி ரொம்பப் பழுதான நிலை. ரத்தத்துலயும் சிறுநீர்லயும் பாதரச அளவு தனியா பார்க்கணும், எல்லா லேப்லயும் பண்ண மாட்டாங்க. ரத்தம் கொடுக்கறதுக்கு முன்னாடி சில நாள் கடல் மீன் சாப்பிடாம இருந்தா நல்லது, மீன்ல வர்ற பாதரசம் கணக்கைக் குழப்பும். கிரீம் பாதரசத்தைக் காட்டறது சிறுநீர்தான்.

முக்கியமானது: கிரீம் போட்ட விஷயத்தை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. வெட்கப்பட்டு மறைச்சா, பயாப்சி வரைக்கும் போயும் காரணம் பிடிபடாது, டப்பா வீட்டுலயே இருக்கும், பூச்சும் நிக்காது. டப்பாவையும் கையோட கொண்டு போங்க.

#7 · நெல்லைக்காரி

எல்லாரும் நல்ல விஷயம் சொல்றீங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். இந்த கிரீம் போடுற பொண்ணுங்களை ஊர்ல ‘பகட்டு’, ‘அழகு மேல வெறி’ன்னு ஒரே வார்த்தையில அடிக்கிறாங்களே, அது நியாயமா? பொண்ணு பார்க்க வர்றவங்க ஜாதகத்துக்கு முந்தியே "பொண்ணு என்ன நிறம்"னு கேக்குறாங்க. மாநிறம்னு சொன்னா போனை வச்சிடுறாங்க. அந்தப் பொண்ணைப் பார்த்துப் ‘போதும்கிற மனசு வேணும்’னு சொன்னா எரியுற புண்ணுல உப்பு வைக்குற மாதிரி இருக்கு.

#8 · மருந்தாளுநர்

நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அம்மா. டியூபுக்குக் காசு கொடுப்பவர் பெரும்பாலும் அந்தப் பெண் இல்லை. தாய், அத்தை, சில நேரம் மாமியார் ஆகப்போகிறவர். வீண்பெருமை அங்கேதான் இருக்கிறது: ‘எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு சிவப்பா இருக்கணும்’ என்ற பெருமை. விலையைக் கொடுப்பது இன்னொருத்தியின் தோல். போதும் என்ற மனம் முதலில் வர வேண்டியது பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு.

விளம்பரமும் பாதி காரணம். கறுப்பாக இருப்பவருக்கு வேலை கிடைக்காது, வரன் கிடைக்காது என்று காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர அமைப்பு 2014-லேயே நெறி வகுத்தது. 2020 ஜூனில் பெரிய திருமணத் தளம் ஒன்று நிறம் வைத்துத் தேடும் வசதியை எடுத்தது. அதே ஆண்டு நாட்டின் மிகப் பழகிய கிரீம் ஒன்று பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை விட்டது. பெயர் மாறினால் போதாது, ஆனால் வரன் பார்க்கும் வீட்டில் நாம் மாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது. பயோடேட்டாவில் ‘நிறம்’ என்ற வரியை நிரப்பாமல் விடுங்கள். தரகர் கேட்டால் "அதைக் கேட்கிறவர்கள் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லுங்கள். பத்து வரன் குறையலாம். குறைந்தவர்கள் யார் என்றும் தெரிந்துவிடும்.

#9 · ஏட்டுச்சுவடி

சின்னச் சேர்க்கை. பழைய தமிழில் தலைவியின் மேனி நிறத்துக்கு ‘மாமை’ என்று ஒரு சொல் இருக்கிறது. மாந்தளிர் நிறம். பிரிவால் அந்த மாமை போய் உடல் வெளிறுவதைப் பசலை என்று நோயாகப் பாடினார்கள். அன்றைக்கு வெளிறுவது இழப்பு, மாமை அழகு. கறுப்பே அழகு, காந்தலே ருசி என்ற பழமொழியும் நம்முடையதுதான்.

#10 · தோல்_டாக்டர்

மாமைக்கு ஒரு உடலியல் பக்கமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். நிறச்செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதர்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் மெலனின் துகளின் அளவும், அது பரவும் விதமும்தான் வேறு. அந்தத் துகள்கள் ஒவ்வொரு தோல்செல்லின் உட்கருவுக்கு மேலும் தொப்பி போலக் கவிந்து, புறஊதாக் கதிர் மரபுப்பொருளை அடிக்காமல் காக்கின்றன. கறுத்த மேல்தோலின் இயல்பான காப்பு எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 13-ஐ ஒட்டியது என்றும் வெளுத்த தோலினுடையது 3-ஐ ஒட்டியது என்றும் பழைய ஆய்வு ஒன்று அளந்தது. நிறத்தை அழிக்கும் கிரீம் இந்தக் குடையைத்தான் பறிக்கிறது.

அதே சமயம் ‘உள்ளதே போதும்’ என்று நோயைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு. நிறம் வேறு, நிறமாற்றம் வேறு. பிறவி நிறத்துக்கு மருந்து தேவையில்லை. பிறகு வந்த கருமைக்குக் காரணம் தேட வேண்டும்.

பின்கழுத்து, அக்குளில் வெல்வெட் போலத் தடித்த கருமை அழுக்கு இல்லை. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தால் இன்னும் தடிக்கும். அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை பாருங்கள், 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரைக்கு முந்தைய நிலை. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதைக் குறைப்பதுதான் கழுத்துக்கு மருந்து.

விரல் மூட்டுகள் மட்டும் கறுத்து, கை கால் மரத்துப்போனால் வைட்டமின் பி12 அளவு பாருங்கள். ஊசி போட்டால் நிறமும் திரும்பும். நெற்றிப் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் சாம்பல் கருமை என்றால் குங்குமச் சாயமோ, ஸ்டிக்கர் பசையோ ஒத்துக்கொள்ளவில்லை. முடிச்சாயம் போடுபவருக்கு நெற்றியோரமும் காதோரமும் கறுத்தால் சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் காரணமாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் நிறுத்துவதுதான் மருத்துவம்.

கன்னத்தில் மங்கு என்றால் சன்ஸ்கிரீன் இல்லாமல் எந்த மருந்தும் நிற்காது. சாதா வெள்ளை சன்ஸ்கிரீனைவிட, இரும்பு ஆக்சைடு கலந்த தோல்நிறச் சன்ஸ்கிரீன் மங்குக்கு நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், அதை இதுதான் தடுக்கும். அளவு: சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கியது முகத்துக்கும் கழுத்துக்கும். பட்டாணி அளவு போட்டால் டப்பாவில் எழுதிய காப்பில் சிறு பகுதிதான் கிடைக்கும்.

#11 · கண்மை

மணப்பெண் ஒப்பனை செய்பவர்கள் சார்பில். ‘வெள்ளையா மேக்கப் போடுங்க’ என்ற கோரிக்கைதான் கல்யாண முகத்தைக் கெடுக்கிறது. இரண்டு ஷேடு வெளுத்த ஃபவுண்டேஷன் மாநிறத்தில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும், கழுத்து தனியாக நிற்கும். ஷேடை மணிக்கட்டில் பார்க்காதீர்கள். தாடையிலிருந்து கழுத்துக்கு மூன்று கோடு இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் 15 நிமிடம் விட்டுப் பாருங்கள். காய்ந்ததும் சில ஃபவுண்டேஷன் ஒரு படி கருக்கும். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் அவருடைய ஷேடு. கண்ணடிக் கருமைக்கு வெள்ளைக் கன்சீலரை அப்பினால் நீலம் பாயும். முதலில் ஆரஞ்சு கரெக்டர் மெல்லியதாக, அதன்மேல் தோல்நிறக் கன்சீலர். டைட்டானியம் டையாக்சைடு, சிலிக்கா அதிகம் உள்ள பவுடர் ஃபிளாஷில் மாவு பூசினது போல வெளுக்கும்; முதல்நாளே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

முகூர்த்தத்துக்கு ஆறு வாரத்துக்குள் புதிதாக எந்த கிரீமும் தொடங்காதீர்கள். தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முன்கை உட்புறத்தில் தினம் இரண்டு வேளை, 7 நாள் போட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு வாரம் பிளீச் வேண்டாம். அதில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும். வெளுப்பது பூனைமுடிதான், தோல் இல்லை. சுட்டுவிட்டால் மேடையில் மறைக்க முடியாது.

#12 · ஒளிப்பெட்டி

கேமரா பக்கமும் தப்பு இருக்கிறது. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டியும் பளீரென்ற மேடைப் பின்னணியும் இருந்தால் படத்துக்குள் விடும் ஒளியின் அளவைக் குறைத்துவிடும், முகம் கறுத்து விழும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "படத்துல கறுப்பா விழுது" என்று வீட்டார் கவலைப்படுகிறார்கள். முகத்தில் குறை இல்லை, ஒளியின் அளவில்தான் குறை. முகத்துக்குப் பக்கத்தில் மானி வைத்தோ, சாம்பல் அட்டை காட்டியோ அளந்து, 45 பாகையில் மென்னொளி வைத்தால் மாநிறம் செம்பு போல ஒளிரும். ஊதா எல்இடி விளக்கை முகத்தில் அடிக்க வேண்டாம் என்று மேடைக்காரரிடம் முன்பே சொல்லுங்கள்.

ஆல்பத்தில் வெளுப்பாக்கும்போது நடப்பது இது: எடிட்டிங்கில் ஆரஞ்சின் வெளிச்சத்தை ஏற்றுவார்கள். மாநிறத் தோல், தங்கம், சந்தனம், மஞ்சள் கயிறு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய நிறங்கள். முகம் வெளுக்கிற அளவு நகை பித்தளையாகும், தாலிக்கயிறு வெளிறும். ஒப்பந்தத்தில் "தோல் நிறத்தை மாற்றக் கூடாது" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

#13 · கேள்வி_மட்டும்

கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ, பிறந்த குழந்தைக்குக் கடலை மாவு. இதையும் சொல்லிவிடுங்கள்.

#14 · வார்டு_சிஸ்டர்

குங்குமப்பூ குழந்தை நிறத்தை மாத்தாது. நிறம் அப்பா, அம்மா மரபுல வர்றது. பிறந்தப்போ எல்லாக் குழந்தையும் கொஞ்சம் வெளுப்பாத்தான் இருக்கும், மெலனின் சில மாசத்துல நிறைஞ்சு சொந்த நிறம் வரும். "பிறந்தப்ப சிவப்பா இருந்துச்சு, வெயில்ல போட்டு கறுத்துடுச்சு"ன்னு தாயைத் திட்டறது தப்பு. கடலை மாவு போட்டுத் தேய்ச்சா தோல் உரசிப் புண்ணாகும், கிருமி ஏறும். குழந்தைக்கு எடைக்குத் தோல் பரப்பு அதிகம், பெரியவங்க கிரீம் எதுவும் உள்ளே அதிகமா போகும். கிரீம் போட்ட கன்னத்தோட குழந்தையைக் கொஞ்சவும் வேண்டாம்.

#15 · நெல்லைக்காரி

‘ஸ்கின் ஒயிட்டனிங் ஊசி’ன்னு டிரிப் போடுறாங்களே, அது?

#16 · மருந்தாளுநர்

குளூட்டாதையோன். நிறம் வெளுக்க என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எந்த ஊசிக்கும் அனுமதி தரவில்லை. பிலிப்பைன்ஸ் அரசு 2011-லேயே எச்சரித்தது: கடும் தோல் உரிதல் ஒவ்வாமை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு. கூடவே அதிக அளவில் வைட்டமின் சி ஏற்றுகிறார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவருக்கு அதனால் ரத்தச் சிவப்பணு உடையும். சிறுநீரகத்தில் ஆக்சலேட் உப்பு படியலாம். ஊசி நின்றால் நிறம் பழையபடி வரும். எனவே தவணை முடிவதே இல்லை.

#17 · கேள்வி_மட்டும்

கடைசியாக ஒன்று. எழுத்தில்லாத டப்பா கையில் இருக்கிறது. எங்கே கொடுப்பது?

#18 · மருந்தாளுநர்

பார்லரிலோ கடையிலோ திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்காதீர்கள். சான்று போய்விடும். பில், கூகுள் பே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். டப்பாவின் நான்கு பக்கமும், அடிப்புறமும் படம். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அழகுப்பொருளும் அவர் வரம்புதான். 1940-ம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின் 26-ம் பிரிவுப்படி, பொருளை வாங்கிய யாரும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுத்து அறிக்கை வாங்கலாம். திறக்காத இன்னொரு டப்பா இருந்தால் அதைக் கொடுங்கள். பாதி தீர்ந்ததை டாக்டருக்குக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள்.